ஊர் பேர் சொல்லிக் கூவுகிற வடிவு

கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு அமெரிக்காவில் போய் இறங்கினதற்குக் காற்றும் காரணம் இல்லை, கடலும் காரணம் இல்லை. கரையில் நின்று "இந்தியா! இந்தியா! இந்தியா இறங்குறவங்கல்லாம் இப்படி வாங்க!" என்று கூவ எங்கள் வடிவு அத்தை அங்கே இல்லை. அவ்வளவுதான் விஷயம். அத்தை மட்டும் நின்றிருந்தால் அந்த மனுஷன் ஒழுங்காக இங்கே இறங்கி, தில்லி ஆர்.கே.புரத்துக்கு எந்த பஸ் என்று கேட்டு, எங்கள் வீட்டில் ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். உலக சரித்திரமே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஸ்பெயின் ராணி எங்கள் கிளப்புக்கு ஆயுள் சந்தா கட்டியிருப்பார்.

"வடிவம்மாவைப் பத்தி வெள்ளிவிழா மலருக்கு ரெண்டு பக்கம் எழுது. கொஞ்சம் மரியாதையா எழுது" என்றார் தமிழர் சேவா கிளப்பின் செயலாளர் கிருஷ்ணபிரசாத் மாமா. தமிழ் எழுதத் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் அவரவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்ததால் இந்த வேலை என்னிடம் வந்தது. பத்தாம் வகுப்பும் நானும் இரண்டு தடவை சேர்ந்து வாழ்ந்து பார்த்தோம், ஒத்துவரவில்லை. போன பொங்கல் விழாவில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கில் குக்கர் விசில் அடித்ததே, அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன். ஆகவே மரியாதைக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. முயற்சி செய்கிறேன்.

வடிவு அத்தைக்கு என்ன வயசு என்று கேட்டால், "ஆதார்ல பாத்துக்க" என்பாள். ஆதாரில் ஜனவரி ஒண்ணாம் தேதி பிறந்ததாக இருக்கிறது. எங்கள் பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், பாதிப் பேர் அன்றைக்குத்தான் பிறந்தவர்கள். வாரத்தில் ஆறு நாள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சமைத்து, துணி மடித்துவிட்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பிடிக்க வேண்டுமானால் நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். கிளப்பில் அந்த வேலைக்கு 'ரயில் நிலைய வரவேற்புப் பிரிவு' என்று பெயர். பிரிவில் இருப்பது அத்தை ஒருத்திதான். துணைக்குப் போகிற நாளில் நான்.

அவள் அந்த ஸ்டேஷனுக்கு முதலில் வந்தது கல்யாணம் ஆன புதிதில். சொந்த ஊர் சின்னசேலத்துக்குப் பக்கம். அத்தையின் புருஷன் பெரியண்ணன் மாமாவுக்குத் தில்லியில் கட்டட வேலை. தாலி கட்டி, நாலு நாள் ஊரில் இருந்துவிட்டு அவர் முன்னால் வந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து அத்தை தனியாக வண்டி ஏறினாள். "டெல்லி ஸ்டேஷன்ல நிக்கிறேன், எறங்கினதும் புடிச்சிக்கறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் மாமா. தில்லியில் நல்ல அம்மிக்குழவி கிடைக்காது என்று யாரோ சொல்ல, அத்தை ஒரு குழவியைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நிஜாமுதீன் வந்தது. "டெல்லி வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு பாதிப் பெட்டி இறங்கியது. அத்தையும் இறங்கினாள். மாமா நின்றது அதற்கு அடுத்த ஸ்டேஷனில், புது தில்லியில்.

காலையில் இறங்கினவள் சாயங்காலம் வரை ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே வந்து ஹிந்தியில் விசாரித்தவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குழவியின் துணியை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டாளாம். அப்புறம் ஒருத்தரும் விசாரிக்கவில்லை.

மாமா அங்கே பெட்டி பெட்டியாகத் தேடிவிட்டு, ஒரு கூலிக்காரர் சொன்ன யோசனையில் இங்கே ஓடி வந்தார். வந்த பிறகுதான் சிக்கல். பெண்டாட்டி முகம் சரியாக நினைவில் இல்லை. கல்யாணத்தில் குனிந்த தலை, அப்புறம் நாலு நாள். கூட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே தலையாகத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம்தான். ஆனால் கட்டினவளை நாலு பேர் நடுவில் பெயர் சொல்லிக் கத்துகிற வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. முன்பின் தெரியாத ஸ்டேஷனில் ஒரு ஆண்பிள்ளை தன் பெயரைக் கத்தினால் அத்தையும் எழுந்திருக்க மாட்டாள். குழவி வேறு கையில்.

என்ன செய்வது? மாமா பஸ் கண்டக்டர் மாதிரி கூவிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்தார். "சின்னசேலம்! சின்னசேலம்! சின்னசேலம்!"

"பஸ்சு வந்துட்டாப்ல எந்திரிச்சிட்டேன்" என்பாள் அத்தை. "மனுசன் யாருன்னுகூட பாக்கல. ஊர் பேரு கேட்டுச்சு, எந்திரிச்சிட்டேன்."

கிளப்பின் வரலாறு என்று மலரில் வேறு ஒரு கட்டுரை வருகிறது. அதில் கிளப் ஒரு சமுதாயக்கூடத்தில், குத்துவிளக்கேற்றி, சான்றோர் முன்னிலையில் தொடங்கியது என்று இருக்கும். நம்ப வேண்டாம். கிளப் தொடங்கியது அந்தத் தூணடியில்தான்.

அதற்கப்புறம் லீவு கிடைக்கிற ஞாயிறெல்லாம் அத்தை அந்த ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. தெற்கிலிருந்து வண்டி வருகிற நேரத்துக்கு நின்று, ஊர்ப் பெயர்களைக் கூவினாள். முதல் முதலில் திரும்பினது, தலையில் இரும்புப் பெட்டியும் சட்டைப்பையில் வேலை உத்தரவுமாக நின்ற ஒரு மாயவரத்துப் பையன். மத்திய அரசு மந்திராலயத்தில் கிளார்க் வேலை கிடைத்து வந்திருந்தான். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கண் கலங்கி நின்றான். அந்தப் பையன்தான் கிருஷ்ணபிரசாத் மாமா. இப்போது ரிட்டயர் ஆன செக்ஷன் ஆபீசர். இந்தக் கதையை ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அவரே சொல்வார். வருஷத்துக்கு வருஷம் அந்தப் பெட்டியின் கனம் கூடிக்கொண்டே போகிறது.

"தனியா ஒருத்தி செய்யற வேலையா இது? இதை ஒரு அமைப்பாக்கணும்" என்று சொல்லிப் பின்னாளில் கிளப்பை ஏற்படுத்தினவரும் அவர்தான். அமைப்பு ஆனதும் முதல் வேலையாக ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். அப்புறம் மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வந்தது: ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் ஹிந்தி பேசுவது, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இடம் வாங்குவது, செத்தவர்களை ஊருக்கு அனுப்புவது. கேலி செய்கிறேனே தவிர, ஆர்.கே.புரத்திலிருந்து லோதி ரோடு வரைக்கும் இவர்களிடம் ஒரு உதவியாவது வாங்காத தமிழ் வீடு கிடையாது. எங்கள் வீடும்தான். எங்கம்மா "விழுப்புரம்!" என்ற கூவலுக்குத் திரும்பினவள். அப்போது அம்மா வயிற்றில் நான். ஆக நானும் திரும்பியிருக்கிறேன் என்று அத்தை சொல்லுவாள்.

ஒரு தடவை கிளப்பில் அத்தைக்கு, கையில் பிடித்துக்கொண்டு நிற்க, கிளப் பெயரைப் பெரிய அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அத்தை அதைக் கொண்டுபோய் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதில்தான் இன்னும் பிரெட் பக்கோடா அடுக்கி வைக்கிறார்.

"அட்டை புடிச்சா படிக்கத் தெரிஞ்சவன்தானே வருவான்" என்றாள். "ஊர் பேரைக் கேட்டா காதுக்கு முன்னாடி கழுத்து திரும்பும். நீ வேணா பாரு. திரும்பிப் பாத்துட்டு நடக்கறவங்களுக்கு ஆளு இருக்கு. திரும்பிப் பாத்துட்டு அப்படியே நிக்கறாங்க பாரு, அவங்கதான் நமக்கு."

நானும் பார்த்திருக்கிறேன். கோட்டு போட்டவர், காதில் வயர் மாட்டின பெண், கமாண்டோ மாதிரி விறைப்பாக நடக்கிற ஆள். "திருநெல்வேலி!" என்றதும் கழுத்து திரும்பிவிடும். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி முகம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். ஒருநாள் அத்தையிடம் கேட்டேன், "நான் இங்கேயே பொறந்தவ. எந்த ஊரைக் கூவினா எனக்குக் கழுத்து திரும்பும்? ஆர்.கே.புரம்னு கூவினா ஆட்டோக்காரன்தான் திரும்புவான்."

"நீ எதுக்குத் திரும்பணும்? நீ என்கூட நிக்கறவ" என்றாள். நான் பக்கத்தில் நின்றவரின் பெட்டிச் சக்கரத்தைக் காலால் தடுத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் ஒருத்தர் ஒருமுறை பிடித்துக்கொண்டார். "யார் நீ? ஏஜெண்டா?" அத்தை தன் ஹிந்தியில் நிமிர்ந்து சொன்னாள்: "நஹி பையா. மை கண்டக்டர்." இல்லை அண்ணே, நான் கண்டக்டர் என்று அர்த்தம். அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அவளைப் பார்த்தாலே "டிக்கெட், டிக்கெட்" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தீபாவளி கழிந்த கூட்டத்தில் கிருஷ்ணபிரசாத் மாமா அந்தப் பேச்சை எடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது எதிலும் பொய் இல்லை.

"வடிவம்மா, இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு. மேப் இருக்கு, மெட்ரோ இருக்கு. வண்டி எங்க வருது, எந்த பிளாட்பாரம், எல்லாம் போன்லயே வந்துடறது. உங்களுக்கும் முழங்கால் வலி. இந்தக் குளிர்ல எதுக்கு அங்க போய் நிக்கணும்? போன வருஷம் முழுக்க ஒருத்தராவது கிளப் நம்பருக்கு போன் பண்ணி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புங்கன்னு கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. கிளப் நம்பருக்கு வருவதெல்லாம் கடன் வேண்டுமா என்று கேட்கிற போன்.

"பொங்கல் வரைக்கும் பாப்போம். ஒரு போன் வந்தாலும் தொடரலாம். வரலேன்னா இந்தப் பிரிவை மூடிடலாம். சரிதானே?"

"சரிங்க சார்" என்றாள் அத்தை. பஸ்ஸுக்கு நடக்கிற வழியெல்லாம் அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. என்ன என்று காது கொடுத்தேன். நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, விழுப்புரம். ஏதோ பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி, மறந்துவிடக் கூடாதே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை போனது. மார்கழியும் பாதி போனது. போன் வரவில்லை. நான் வரவழைத்தேன்.

பென்சன் என்று ஒரு பையன். நாகர்கோவில்காரன், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்கிறான். வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது, அத்தை அவனைப் பார்த்ததில்லை. அவனைப் பிடித்து கிளப் நம்பருக்குப் பேச வைத்தேன்: "ஞாயித்துக்கிழமை காலைல நாகர்கோவில்ல இருந்து வாறேன். ஊரு புதுசு. ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப முடியுமா?" கூலி இரண்டு பிளேட் மோமோ. செயலாளர் மாமா சந்தோஷத்தில் அத்தைக்கு உடனே போன் செய்தார். நான் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து "அப்படியா? போன் வந்துச்சா? நெஜமாவா?" என்று வாயைப் பிளந்தேன். நல்லாவே பிளந்தேன்.

அந்த ஞாயிறு பனி என்றால் அப்படி ஒரு பனி. எதிரே வருகிற கூலிக்காரரின் சிவப்புச் சட்டை மட்டும் தனியாக மிதந்து வந்தது. அத்தை புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் சாக்ஸ் போட்டு அதற்கு மேல் செருப்பு. ஸ்டேஷன் மைக் ஹிந்தியில் யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் அது ஓயாமல் மன்னிப்புக் கேட்கும். யாரும் காது கொடுப்பதில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஒரு வண்டி வந்து நின்று கூட்டம் இறங்கியது. அத்தை டீ குடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கூவவே ஆரம்பிக்கவில்லை. அதற்குள் அந்த முட்டாள் பென்சன் கூட்டத்திலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தான். தெற்கிலிருந்து வருகிறவனுக்கு ஸ்வெட்டர் ஏது என்று நான்தான் அதைக் கழற்றச் சொல்லியிருந்தேன். மெல்லிய சட்டையில் பல் தந்தியடிக்க நின்றான்.

"நீங்கதானே அக்கா சேவா கிளப்பு?"

அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா தம்பி. நாகர்கோவிலா? பயணமெல்லாம் எப்படி?"

"சூப்பர் அக்கா. கரெக்ட் டைம். ஒரு நிமிஷம் லேட் இல்ல பாத்துக்கிடுங்க."

"அச்சா! ஒரு நிமிஷம்கூடவா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"நல்ல டிரைவரு" என்றாள் அத்தை. தன் சால்வையை எடுத்து அவன் மேல் போர்த்தினாள். நான் பெட்டியைப் பிடித்து இழுத்து, "வாங்க, ஜல்தி போலாம், குளிருது" என்றேன்.

"இரு கண்ணு. அடுத்து ஒரு வண்டி இருக்கு. அதையும் பாத்துட்டுப் போவோம். தம்பிக்கு ஒண்ணும் அவசரமில்லியே?"

புதுசாக ஊருக்கு வந்தவனுக்கு என்ன அவசரம் இருக்க முடியும்? "இல்லக்கா" என்றான் பென்சன், என்னை முறைத்துக்கொண்டே.

அந்த அடுத்த வண்டி வருவதாகவே இல்லை. பிரெட் பக்கோடா சாப்பிட்டோம். டீ குடித்தோம். மறுபடி டீ குடித்தோம். அத்தை அவனிடம் அவன் வீடு, அம்மா, சர்ச், தங்கச்சி கல்யாணம் எல்லாம் விசாரித்தாள். அதெல்லாம் நிஜம் என்பதால் அவனும் தடங்கல் இல்லாமல் சொன்னான். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. நடிப்பில் முன்னேறுகிறான் என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் பனி கலைந்து வண்டி வந்தது. அத்தை எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அப்புறம் அந்தத் தொண்டை திறந்தது.

"நாகர்கோவில்! திருநெல்வேலி! மதுரை மதுரை மதுரை! திருச்சி! விழுப்புரம், திண்டிவனம்!"

அங்கங்கே கழுத்துகள் திரும்பின, நடந்தன. ஒருத்தி மட்டும் நின்றாள். இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு கட்டைப்பை. என் அம்மாவின் ஊர்ப் பெயருக்கு நின்றவள். பெயர் அம்பிகா.

"எங்க போவணும்மா?" என்றாள் அத்தை. அவ்வளவுதான். அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டிருக்கிறான். கூட வேலை செய்கிறவன் போனில் சொல்லியிருக்கிறான். அந்த நம்பர் போனில்தான் இருந்தது. போனைக் குழந்தை வண்டியின் கக்கூஸில் போட்டுவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாது. "பெரிய ஆஸ்பத்திரி, வாசல்ல பாலம் கட்டறாங்களாம்" என்பது மட்டும்தான் தெரியும்.

"அட, அது நம்ம..." என்று வாயைத் திறந்தான் பென்சன். "எலும்பு வார்டு மூணாவது மாடி. இந்தப் பக்க கேட்டுல விட மாட்டான், பின்னால சுத்திப் போவணும்."

அன்று காலையில்தான் தில்லியில் கால் வைத்தவன்! அவன் காலை நங்கென்று மிதித்தேன். அத்தை கவனித்த மாதிரித் தெரியவில்லை. "பாத்தியா, சாமி கணக்கா ஒரு தம்பி வந்து சேந்திருக்கு" என்று சொல்லி, குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். கட்டைப்பையையும் அவன் தோளிலேயே மாட்டினாள். அவனுடைய பெட்டியை நான் உருட்டினேன். உள்ளே தலையணைதான் என்பதால் கனமில்லை.

புருஷன் அங்கேதான் இருந்தான். காலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தவன் இவளைப் பார்த்ததும் முதலில் திட்டினான், எதற்குத் தனியாக வந்தாய் என்று. அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

பொங்கல் முடிந்து பொதுக்குழு கூடியது. கிருஷ்ணபிரசாத் மாமா கையில் தீர்மானத் தாளோடு எழுந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. மூட வேண்டும் என்று அவருக்கும் ஆசை இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஒரு போன் வந்தா தொடரலாம்னு பேசியிருந்தோம். வந்திருக்கு. நாகர்கோவில் தம்பி பென்சன். ஆகவே வரவேற்புப் பிரிவு..."

கை தட்ட நான் தயாராக இருந்தேன். அத்தை எழுந்தாள்.

"அது வேணாங்க சார். அந்தத் தம்பியச் சேக்காதீங்க."

என் இரண்டு கையும் பாதியில் நின்றன. ஜெயித்த ஆட்டத்தை யாராவது கலைப்பார்களா?

"ஏம்மா? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"கூட்டிட்டு வந்தேன். ஆனா போன் பண்ணத் தெரிஞ்ச புள்ள, நான் இல்லன்னாலும் வந்துக்குமுங்க சார். அம்பிகா போன் பண்ணல. எங்க பண்ணும்? கிளப்புன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. போன் வந்தாத்தான் போவணும்னா, வழி தெரிஞ்சவங்களை மட்டுந்தான் நான் கூட்டியாரணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க அந்தப் பொட்டியோட நின்னப்ப எந்த நம்பருக்கு சார் போன் பண்ணீங்க?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்; அப்புறம் மாமாவே சிரித்துவிட்டார். தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சரிம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன். வண்டி எத்தனை மணிக்கு?"

"அத வண்டிதான் சார் சொல்லணும்" என்றாள் அத்தை.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். மலை மந்திர் முருகன் கோவில் பக்கமிருந்து மணிச் சத்தம் வந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. வியர்க்க வியர்க்க வேலை செய்தது நான், மோமோ வாங்கிக் கொடுத்தது நான்.

"ஏன் அத்தை, அந்த பென்சனையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்ல? இன்னும் கெத்தா இருந்திருக்கும்."

அத்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன்டி மேகலா, அன்னிக்கு அடுத்த வண்டின்னு ஒக்காந்து பாத்தமே, அது எந்த வண்டி?"

"எந்த வண்டி?"

"அதுதான்டி நாகர்கோவில் வண்டி. காலைல வந்தது போபால் வண்டி. நம்ம வண்டி பனியில ஜான்சிகிட்ட நின்னுடுச்சுன்னு மைக்குல அந்தப் பொம்பள தொண்டை வறளச் சொல்லிக்கினே இருந்தா."

நான் எதிரே வருகிற பஸ்ஸின் நம்பரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"வண்டி ஜான்சியில நிக்குது. உன் ஆளு மட்டும் ஒரு நிமிஷம்கூட லேட்டில்லாம வந்து எறங்கறான். நடந்தா வந்தான்?" அத்தை என் காதைப் பிடித்தாள், திருகவில்லை, பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏற்றினாள். "அடுத்த தபா ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி போனைப் பாத்துக்க. எல்லாம் போன்லயே வருதாமே."